வைரஸ் தடுப்புச் செயலிக்கு முன் சிம் பூட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசிப் பாதுகாப்பு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, காசு கொடுத்து வாங்கும் வைரஸ் தடுப்புச் செயலிகளைச் சொல்லிவிட்டு அதோடு நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டில் பிளே புரொடெக்ட், விண்டோஸ் 10, 11 கணினிகளில் டிஃபெண்டர் என்று வைரஸ் தடுப்பு வசதிகள் இலவசமாகவே இருக்கின்றன. சாதாரண வீட்டுக்கு அவை போதும். பணம் போகிற வழி வேறு.

கைபேசியைத் திருடியவன் திரைப்பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சிம்மைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். அதைத் தடுப்பது சிம் பின், அதாவது சிம்முக்கே வைக்கும் ரகசிய எண். செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ என்று தேடுங்கள். முதலில் சிம் நிறுவனம் வைத்த பழைய பின்னைக் கேட்கும். குத்துமதிப்பாக எதையும் போட்டுவிடாதீர்கள்: மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் 8 இலக்கப் பியூகே எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறினால் சிம் குப்பைக்குத்தான். வாடிக்கையாளர் சேவையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். கைபேசியை அணைத்துப் போடும்போதெல்லாம் பின் கேட்கும். பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். அதற்காகக் கைபேசி உறைக்குள் எழுதிச் செருகி வைத்தால் வைத்ததே வீண்.

அடுத்தது வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகையும் போக்குவரத்து அபராதச் சலானும். கோப்பின் பெயர் ‘.apk’ (ஏபிகே) என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. அனுப்பியது சொந்தக்காரர் எண்ணாக இருந்தாலும் நம்பாதீர்கள். அவர் கைபேசி ஏற்கெனவே மோசடிக்காரர்கள் பிடியில் இருக்கலாம். நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதை நாமே கொடுத்துவிடுவதால்தான் விலை கொடுத்து வாங்கிய வைரஸ் தடுப்புச் செயலியும் பல நேரம் கைவிட்டுவிடுகிறது. தெரியாமல் நிறுவிவிட்டால் உடனே ஏரோபிளேன் மோடு போடுங்கள். சில கைபேசிகளில் அப்போதும் வைஃபை ஓடிக்கொண்டிருக்கும், அதையும் அணையுங்கள். வேறு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்து யூபிஐ, நெட் பேங்கிங் இரண்டையும் முடக்கச் சொல்லுங்கள். ‘அன்இன்ஸ்டால்’ மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் அந்தச் செயலி ‘டிவைஸ் அட்மின்’ எனும், கைபேசியைக் கட்டுப்படுத்தும் உரிமையை வாங்கியிருக்கக்கூடும். செட்டிங்ஸில் அந்த உரிமையை எடுத்துவிட்டுச் செயலியை நீக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால், கைபேசியில் உள்ளதையெல்லாம் அழித்துவிடும் ஃபேக்டரி ரீசெட் தவிர வழியில்லை.

கூரியர்காரர் என்று சொல்லி *21* அல்லது *401* எனத் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால், உங்களுக்கு வரும் அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்க்கிறார். அழைப்பில் வரும் வாட்ஸ்அப் ஓடிபியும் அவருக்கே போகும். ஏற்கெனவே அழுத்தியிருந்தால் ##002# போட்டு ரத்து செய்யுங்கள். வாட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்புப் பின்னையும் வைத்துவிடுங்கள்.

ஆதாரோடு இணைந்த கணக்கில், ஓடிபி இல்லாமல் ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்தே பணம் எடுக்க முடியும். ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவு) பூட்டலாம், கட்டணமில்லை. பூட்டியதை மறந்து ரேஷன் கடைக்குப் போனால் அங்கே ரேகையை ஏற்காது. வரிசையில் நிற்கும்போதே தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். அந்த எண்ணோடு நிற்காமல் வங்கியிலும் தனியாகப் புகார் பதியுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போய், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நட்டமில்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்கள் பாடு; அதன் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் அழைத்த நேரத்தையும் புகார் எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கைபேசி பழுதுநீக்குநர்,
கும்பகோணம்