அப்பாவின் கையொப்பம் இல்லாத படிவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின்கீழ், 2018இல் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பும் தெரிவானது. பெருமைதான். ஆனால் கொழும்பை ஒட்டிய எங்கள் வெல்லம்பிட்டிப் பக்கத்துக்கு அதைவிட 2016 மே வெள்ளம்தான் ஞாபகத்தில் நிற்கிறது. கொலன்னாவைச் சதுப்பு நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டு நிரப்பினால் மழைத்தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான்.

அதனால்தான் சனிக்கிழமைகளில் நாங்கள் வாய்க்கால் ஓரம் சிரமதானம் செய்கிறோம். வரும் பிள்ளைகளில் நான்கு பேருக்கு வீட்டில் அம்மா மட்டும்தான். அதில் தரம் 9 பையன் ஒருவன், பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கொக்கு, நாரை, நீர்க்காகம் என்று எண்ணி எழுதுவான். சேற்றில் கண்ட மீன்பிடிப் பூனையின் காலடியைக்கூட வரைந்து வைத்திருக்கிறான்.

போன தவணை அவனுடைய பாடசாலை தியசரு ஈரநிலப் பூங்காவுக்குச் சுற்றுலா போனது. படிவத்தில் தகப்பன் கையொப்பத்துக்கு மட்டுமே இடம். தாய் போட்ட கையொப்பத்தை ஏற்காமல் திருப்பிவிட்டார்கள். வகுப்பிலேயே பறவைகளை அதிகம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தான்! பெற்றோர் கூட்டமும் அப்படித்தான்: வார நாளில், காலை பத்து மணிக்கு. கார்மெண்ட் வேலைக்குப் போகும் அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டா வருவார்?

படிவத்தில் ‘தாய் அல்லது பாதுகாவலர்’ என்று சேர்க்க ஒரு வரி போதும். கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம். நாங்களும் இப்போது சிரமதானம் முடிந்ததும் பாய் விரித்து ஒரு மணித்தியாலம் வீட்டுப்பாடம் செய்ய வைக்கிறோம். கணிதம் சொல்லித்தர யாராவது வந்தால் நல்லது.

ஒரு வாசகி,
வெல்லம்பிட்டி.