வாசகர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 11 கூட்டங்கள் நடந்தன. அதில் ஆறு ஒரே பொருளுக்குப் போயின: 1967 ஜூனில் இஸ்ரேலுடன் நடந்த போரில் தோற்ற பிறகு அரபு எழுத்தாளர்கள் தங்கள் சமூகத்தையே கேள்வி கேட்டது. இரண்டு கூட்டத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினோம். முடியவில்லை.

ஜூன் 5 காலையில் எகிப்தின் போர் விமானங்களில் பெரும்பகுதி தரையிலேயே அழிந்தது. கெய்ரோ வானொலியோ எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறே நாளில் சினாய், காசா, மேற்குக் கரை, கோலான் எல்லாம் கைவிட்டுப் போயின. 9ஆம் தேதி பதவி விலகல் உரையில் எகிப்து அதிபர் நாசர் இதை 'நக்ஸா' என்றார்.

அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போனது. 'பின்னடைவு' என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். "தேர்தல்ல தோத்த கட்சிங்க சொல்றதுதானே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சரியான இடத்தைத் தொட்ட கேள்வி அது. டமாஸ்கஸில் பிறந்த தத்துவப் பேராசிரியர் சாதிக் ஜலால் அல்-அஸ்ம் 1968இல் பெய்ரூட்டில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'ஹஸீமா', அதாவது தோல்வி, என்று எழுதினார். பின்னடைவு என்றால் யாரும் பொறுப்பேற்க வேண்டாம் என்பது அவர் ஆதங்கம். விதி, ஏகாதிபத்தியம் என்று பழியைத் தள்ளிவிடும் பழக்கத்தை அவர் சாடினார். சோசலிசம் பேசிய அரசுகள் குடும்பத்தையும் பெண்களின் நிலையையும் தொடவே இல்லை என்றார். அடுத்து மதச் சிந்தனையை விமர்சித்து எழுதியதற்காக லெபனானில் சிறைக்குப் போனார், வழக்கு நடந்தது, விடுதலையானார்.

நிலத்தைப் பறிகொடுத்தவர்களையே குறை சொல்வது பறித்தவர்களுக்கு வசதியாகாதா என்று சில உறுப்பினர்கள் கடுமையாகக் கேட்டார்கள். நியாயமான கேள்வி, குறிப்பேட்டில் பதிந்திருக்கிறது. ஆனால் அஸ்ம் பாலஸ்தீன விடுதலையின் பக்கம் நின்றவர். அந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்ற தவிப்பில்தான் இவ்வளவு கறாராக எழுதினார் என்பது என் எண்ணம்.

காதல் கவிஞராகப் பெயரெடுத்த நிஸார் கப்பானி தோல்வி பற்றி எழுதிய கவிதைக்கு ஒரு கூட்டம். எகிப்தில் அது தடை செய்யப்பட்டதும் நாசருக்கே கடிதம் எழுதித் தடையை நீக்க வைத்தார்.

சிரியாவின் சாதல்லா வன்னூஸ் ஜூன் 5 பற்றி எழுதிய நாடகத்தில் பார்வையாளர்கள் நடுவிலிருந்தே ஆட்கள் எழுந்து நாடகத்தை மறிப்பார்கள். நாம் வாசித்தபோதும் அப்படியே செய்தோம். பக்கத்து நாற்காலிக்காரர் திடீரென்று எழுந்து கத்தவும், புதிதாக வந்திருந்த மாணவர் ஒருவர் பயந்து அவர் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்.

அப்புறம் ஒன்று. அஸ்ம் நூலில் பெண்களைப் பற்றிய பகுதி முடிந்த அன்று, இரவு ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் எப்படி வருவது என்று உறுப்பினர்களான இரண்டு சகோதரிகள் கேட்டார்கள். இத்தனை வருடம் நாம் யோசிக்கவே இல்லை. ஆவணியிலிருந்து ஞாயிறு காலை 10 மணிக்கு மாற்றியிருக்கிறோம். பெண்கள் வருகை கூடியிருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்