‘கழாஅது’ என்பதில் ஓர் அகரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சங்கப் பாடல்களில் இல்லறம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், கூடலூர் கிழாரின் ‘முளிதயிர் பிசைந்த’ என்னும் பாடலில் (குறுந்தொகை 167) எதுகையும் மோனையும் வெறும் ஒப்பனையே என்று கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டதை என்னால் ஏற்க இயலவில்லை.

மகளின் மனைக்குப் போய்வந்த செவிலி (வளர்ப்புத் தாய்), தான் கண்டதை நற்றாயிடம் (பெற்ற தாயிடம்) ஆறே அடியில் சொல்கிறாள். தயிர் பிசைந்த விரலைத் துடைத்துக்கொண்ட ஆடையைத் துவைக்காமலே உடுத்து, தாளிப்புப் புகை கண்ணில் படிய, அந்த மகள் புளிக்குழம்பு வைக்கிறாள். (வகுப்பில் நான் மோர்க்குழம்பு என்றே சொல்லுவேன், அப்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.) ‘கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇ’ என்ற அடியில் முதல் மூன்று சீரும் ககரத்தில் தொடங்கிக் கூழை மோனையாக அமைய, கழுவுதல் என்னும் ஒரே வினை உடன்பாடாகவும் எதிர்மறையாகவும் இருமுறை வருகிறது. அவளுடைய அவசரம் முழுவதும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அடுத்து, ‘குவளை உண்கண் குய்ப்புகை’ என்று முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒன்றும் பொழிப்பு மோனை.

‘இனிதெனக் கணவன் உண்டலின்’ என்னும் ஐந்தாம் அடிக்கு வந்தால் மோனையும் இல்லை, எதுகையும் இல்லை. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீராய் வருவது இலக்கணம். எல்லாப் புலவர்க்கும் அது பொது. ஆயினும், கணவன் வாய்திறந்து சொல்லும் ஒரே சொல்லை அந்தக் குறைந்த அடியில் வைத்தது கிழாரின் தேர்வு. மை உண்ட கண்ணுக்குச் சொன்ன ‘உண்’ என்பதே இங்கே கணவன் உண்பதற்கும் வருகிறது. பிறகு அவள் முகத்துக்குத் திரும்பும்போது ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல்’ என எதுகை மீள்கிறது. வெறும் ஒப்பனை என்றால் எல்லா அடியிலும் ஒரே சீராகப் பூசியிருப்பாரே!

மற்றொன்று. கட்டுரையில் ‘கழாது’ என்று அச்சாகியுள்ளது. ‘கழாஅ துடீஇ’ என்றே சீர் பிரியும். அளபெடையை (நெடிலை நீட்டும் அந்த ‘அ’வை) நீக்கினால் ‘கழா’ என்று ஓரசையாய்ச் சீர் நொண்டும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர்.