வானம் நீலம், ஓடுபாதை கறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர ராணுவ விமானத் தளங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், பார்வைத் தூரம் பத்து கிலோமீட்டர் என்று அறிக்கை சொல்லும்போது விமானங்களை இறங்கவிடாமல் வேறு தளத்துக்கு அனுப்புவது தேவையற்ற எச்சரிக்கை என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. வானிலைக் கண்காணிப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அதை மறுக்க விரும்புகிறேன். வானத்தின் நிலை வேறு, ஓடுபாதையின் நிலை வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

நேட்டோ நாடுகளின் ராணுவத் தளங்களில் வானிலையை நிறத்தால் குறிக்கும் வழக்கம் உண்டு. பார்வைத் தூரம் 8 கிலோமீட்டருக்கும் மேகத்தின் அடிமட்டம் 2,500 அடிக்கும் குறையாமல் இருந்தால் நீலம். வெள்ளை, பச்சை, மஞ்சள், ஆம்பர் என்று படிப்படியாக இறங்கி, 800 மீட்டருக்கோ 200 அடிக்கோ கீழே போய்விட்டால் சிவப்பு. இந்த வரிசையில் சேராமல் தனியே நிற்பது கறுப்பு. மேகமோ மூடுபனியோ அல்லாத வேறொரு காரணத்தால் ஓடுபாதையைப் பயன்படுத்த முடியாது என்பது அதன் பொருள். போர்விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிவடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை நடக்கலாம். உடைந்த டயர்த் துண்டுகள் கிடக்கலாம். கறுப்பைச் சொன்ன கையோடு வானிலையின் நிறத்தையும் சொல்வார்கள் என்பதால், ‘கறுப்பு, நீலம்’ என்று ஓர் அறிக்கை வந்தால் அதில் முரண் எதுவும் இல்லை.

பறவைகளையும் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. 1980 நவம்பர் 17 அன்று, ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் உள்ள கின்லாஸ் தளத்திலிருந்து கிளம்பிய நிம்ராட் விமானம் பறவைக் கூட்டத்தில் சிக்கி, எஞ்சின்கள் உந்துவிசை இழந்து, அருகிலிருந்த காட்டில் விழுந்தது. விமானிகள் இருவர் உயிரிழந்தனர். மற்ற 18 பேர் பிழைத்தனர்.

இனி, அந்தப் பத்து கிலோமீட்டருக்கு வருகிறேன். வழக்கமான வானிலை அறிக்கை ஒரு மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை எடுக்கப்படுவது. இடையில் நிலைமை கணிசமாக மாறினால் தனி அறிக்கை வரும். உள்நாட்டில் இது பெரும்பாலும் போதும். குளிர்ந்த கடலின் மேல் ஈரக்காற்று நகர்ந்து உண்டாகும் மூடுபனி அப்படியல்ல; காற்று வீசும்போதே கரையேறி வருவது. ஒரு நாள் பிற்பகல், வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாகத் தொடங்கும் வெப்பநிலை) இடையே ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். ஓடுபாதையின் கடல்பக்க முனையில் விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. நான் நின்ற இடத்திலோ வெயில் கண்ணைக் கூசவைத்தது. அப்போது என் மேசையில் இருந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது இருபது நிமிடம் பழையது.

கடற்காற்றின் கதையும் இதுவே. நிலம் சூடேறிய பின் அது உள்ளே நுழையும்போது காற்றுத் திசைகாட்டும் துணிப்பை ஒரு கணம் தொய்ந்து தொங்கி, பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி விறைக்கும். எதிர்காற்றை நம்பி வந்த விமானிக்கு அது பின்காற்று. அதே ஓடுபாதையில் இறங்கினால் நிற்பதற்கு வேண்டிய நீளம் கூடிவிடும். பாதை ஈரமாகவும் இருந்தால் சொல்லவே வேண்டாம். சர்வதேச சிவில் விமானத் துறை 2021 நவம்பர் முதல் ஓடுபாதையை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நிலையையும் 0 முதல் 6 வரையிலான எண்ணால் தெரிவிக்கும் முறைக்கு மாறியது. உலர்ந்த பாதைக்கு 6. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீர் தேங்கினால் 2. ஒரே பாதையின் ஒரு முனை 6 ஆகவும் மறுமுனை 2 ஆகவும் இருக்க முடியும் என்பதை ‘பார்வைத் தூரம் நன்று’ என்ற ஒரு சொல் எப்படிச் சொல்லும்?

இன்னொரு சிறு திருத்தம்: ஓடுபாதையின் எண் அதன் நீளத்தையோ வரிசையையோ குறிப்பதன்று. 09 என்றால் காந்த வடக்கிலிருந்து ஏறத்தாழ 90 டிகிரி, மறுமுனை 27. காந்தப் புலம் மெல்ல நகர்வதால் எண்ணே மாறுவதும் உண்டு. லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05/23 என்றிருந்தது 2009இல் 04/22 ஆனது.

இனி இத்தகைய செய்திகளில் வானிலை அளவை வெளியிடும்போது, அது எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதையும், அந்நேரத்தில் ஓடுபாதை எந்நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானிலைக் கண்காணிப்பாளர்