எங்கள் ஐந்து பேனல்களைத் தொட்டவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்களே, அக்காக்களே, ஐயாக்களே,

எங்கள் கல்லூரிச் செயற்கைக்கோளின் ஐந்து சோலார் பேனல்களையும் போன வாரம் பெட்டியில் வைத்து மூடி, அசெம்பிளி குழுவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிட்டோம். மூன்று வருட வேலை. ஒப்படைப்புத் தாளில் 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் எங்கள் நான்கு பேரின் பெயர்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் அதற்கு மேல் எழுத இடமில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்களில் பலருக்கு இது என்ன பொருள் என்றே நாங்கள் சரியாகச் சொல்லவில்லை. அவசரத்தில் ஓடி வந்தோம், வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிட்டோம். எங்கள் செயற்கைக்கோள் பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரப் பெட்டி, அவ்வளவுதான். 1999இல் அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள் மாணவர்களுக்காக வகுத்த கியூப்சாட் அளவு அது. பெட்டியின் ஆறு முகங்களில் ஒன்று கேமராவுக்கும் ஆன்டெனாவுக்கும் போய்விட்டது. மற்ற ஐந்திலும் முகத்துக்கொரு பேனல், ஒவ்வொரு பேனலிலும் இரண்டு செல். ஒரு செல் 4 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் நீளம். மாடியில் நாம் மாட்டுகிற சிலிக்கான் செல் இல்லை இது. ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆன தகட்டின் மேல் மூன்று அடுக்காக வளர்த்தது. வெயிலில் விழும் சக்தியில் ஏறக்குறைய 30 சதவீதத்தை மின்சாரமாக்கிவிடும். ஆனாலும் ஒரு முகம் முழு வெயிலைப் பார்த்தால்கூடக் கிடைப்பது ஐந்து வாட்டுக்கும் குறைவு. நம் வீட்டு 9 வாட் எல்இடி பல்பு அதில் எரியாது.

முதல் வாரமே ஒரு செல்லை உடைத்தோம். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியதுதான் தப்பு. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அதன் விலை எங்கள் மெஸ் பில்லைப் போலப் பல மடங்கு என்பதால் அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் போன் டிஸ்ப்ளே மாற்றக் காந்திபுரத்துக்குப் போன தோழி, அந்த ரிப்பேர் கடை அண்ணன் ஐசிகளை உறிஞ்சித் தூக்கும் பேனாவைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அண்ணே, நீங்கள் அதை இரவலாகக் கொடுத்தீர்கள். அதோடு விடாமல், ரப்பர் நுனியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு எங்கே வைத்து எப்படித் தூக்க வேண்டும் என்று அரை மணி நேரம் கடையில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு தூக்கும்போது ஒரு செல்கூட உடையவில்லை. பேனா இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறோம்.

அப்புறம் பசை. செல்லைப் பலகையில் ஒட்டுவது விண்வெளிக்கென்றே உள்ள இரண்டு பாகச் சிலிக்கோன் பசையால். அதைக் கலக்கும்போது காற்றுக் குமிழி சேர்ந்துகொள்ளும். தரையில் அது ஒன்றும் செய்யாது. மேலே வெற்றிடத்தில் அந்தக் குமிழி ஊதிப் பெருத்துச் செல்லை அடியிலிருந்து தள்ளி உடைத்துவிடும். எங்களிடம் வெற்றிடக் கலம் கிடையாது. வாடகைக்குக் கேட்ட ஓர் இடத்தில் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதற்குத் திண்டாடியதை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. செட்டி வீதியில் நகை வார்க்கும் பட்டறையில் அச்சுமாவில் குமிழி எடுக்கக் காற்றை உறிஞ்சி எடுக்கிற மணி வடிவக் கண்ணாடி மூடியும் பம்பும் தினமும் ஓடிக்கொண்டிருக்கின்றன! எங்கள் குழுத் தம்பியின் மாமா அங்கே வேலை செய்வதால் தெரிய வந்தது.

பட்டறை ஐயா, நீங்கள் எங்கள் கப்பைப் பார்த்ததுமே, "பாதிக்கு மேல ஊத்தாதீங்க, பொங்கும்" என்றீர்கள். நாங்கள் முக்கால் ஊற்றியிருந்தோம். பம்பைப் போட்டதும் பசை பால் பொங்குகிற மாதிரி விளிம்பு வரை எழும்பி வந்தது. நீங்கள் வால்வில் கையை வைத்துக்கொண்டு, எழும்பும்போது கொஞ்சம் காற்றை விட்டு, அடங்கியதும் மறுபடி இழுத்து, நாலைந்து தடவை இப்படி ஏற்றி இறக்கினீர்கள். கடைசியில் பொங்கியது தானாகச் சரிந்து படுத்துக்கொண்டது. கண்ணாடி மாதிரி தெளிவு. எங்கள் குறிப்பேட்டில் "வெற்றிடத்தில் 10 நிமிடம்" என்றுதான் எழுதியிருந்தோம். நீங்கள் செய்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் "ஐயா சொல்கிற வரை" என்று மாற்றினோம். ஆவணங்களைச் சரிபார்க்க வந்தவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

வாட்ச்மேன் ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒட்டி முடித்த முதல் பேனலை ஆலஜன் விளக்கின் கீழ் வைத்தால் பாதி மின்னோட்டம்கூட வரவில்லை. செல்லே போய்விட்டது என்று இரண்டு நாள் அழுகை. எங்கள் பேராசிரியர்தான் கண்டுபிடித்தார். மூன்று அடுக்கும் தொடராக இருப்பதால் மெலிந்த அடுக்கு விடுகிற அளவுக்குத்தான் மின்னோட்டம் வரும். ஆலஜனில் நீலப் பக்கத்து ஒளி குறைவு, அதைத் தின்கிற மேலடுக்கு பட்டினி. "விளக்கை அணைத்துவிட்டு வெயிலுக்குப் போங்கள்" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடி பூட்டியிருந்தது. நீங்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சாவியோடு வந்தீர்கள். புறா எச்சத்தைக் கழுவி இடம் செய்து கொடுத்துவிட்டு, "ஏனம்மிணி, இத்தனூண்டு பேனலுக்கா இத்தன ஒயரு?" என்று கேட்டீர்கள். உச்சி வெயிலில் மீட்டரில் எண் ஏறியபோது எங்களைவிட உங்களுக்குத்தான் சந்தோஷம். பூமிக்கு மேலே சதுர மீட்டருக்கு 1361 வாட் வெயில். நம் மாடியில் நல்ல நாளில் சுமார் 1000. கணக்குப் போட்டுப் பார்த்தால் பேனல் ஆரோக்கியமாக இருந்தது. அதற்குப் பிறகு பதினோரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தூக்கத்தைக் கெடுத்தோம்.

இயற்பியல் ஆய்வகத்து அண்ணா எங்களுடைய பெரிய தப்பு ஒன்றைத் தடுத்தார். செல்லுக்குள் வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால் அது விளக்கு மாதிரி சிவப்பாக ஒளிரும். விரிசல் இருக்கும் இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். இருட்டறையில் ஒவ்வொரு செல்லாக ஏற்றிப் பார்த்தோம். அடுப்புத் தணல் மாதிரி அழகான சிவப்பு. ஏழாவது செல்லின் மூலையில் மெல்லிய கோடு. முடி விழுந்திருக்கிறது என்று நான் குறித்துக்கொள்ளப் போனேன். "ஊதிப் பாருங்க" என்றார் அண்ணா. ஊதினேன், அசையவில்லை. ஆனால் மின்னோட்டம் அந்தச் செல்லில் ஒரு குறையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அப்படியே அனுப்பிவிடலாம் என்று எங்களில் இருவர், வேண்டாம் என்று இருவர். அண்ணா வாயைத் திறக்கவில்லை, கோட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பேனலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று செய்தோம். பூமியைச் சுற்றும்போது நாளுக்குச் சுமார் 15 முறை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒதுக்கியதைச் சூடு, குளிர் என்று மாற்றி மாற்றிச் சோதனைப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தபோது, கோடு செல்லின் குறுக்கே முழுக்க ஓடிவிட்டது. அண்ணா, அனுப்பலாம் என்ற இருவரில் நான் ஒருத்தி. உங்களிடம் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

அதிர்வுச் சோதனைக்கு இடம் கொடுத்தவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. வாகன உதிரிபாகம் குலுக்கும் மேஜையில் நள்ளிரவு ஷிப்ட் முடிந்ததும் எங்கள் பெட்டியைக் கட்டிக் குலுக்கினீர்கள். இரண்டாவது திசையில் குலுக்கி முடிந்ததும் பெட்டியின் இயல்பு அதிர்வெண் (அது தானாக அதிரும் வேகம்) முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பதைத் திரையில் காட்டி, "எங்கியோ லூசு ஆயிருக்கு, டீ குடிச்சிட்டு வந்து நிதானமா பிரிங்க" என்றீர்கள். நிதானமாகப் பிரித்ததால்தான் கிடைத்தது: பேனல் திருகு ஒன்று, கால் சுற்று.

தூசி வடிகட்டிய காற்று வீசும் தன் வாழைத் திசு வளர்ப்பு மேஜையை எங்களுக்காக வாரம் இரண்டு நாள் காலி செய்து கொடுத்த உயிரித்தொழில்நுட்பத் துறை அக்காவுக்கும், அந்த அறைக்குள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது என்ற எங்கள் விதியைப் பொறுத்துக்கொண்ட தோழிகளுக்கும் நன்றி. ஆன்டெனாவுக்கு எஃகு அளவு நாடாவை 17 சென்டிமீட்டர், 17 சென்டிமீட்டராக வெட்டிக் கொடுத்த ஹார்டுவேர் கடைக்காரரே, மீதி நாடாவையும் நாங்களே வாங்கிக்கொண்டிருக்கலாம். மன்னிக்கவும்.

உற்சாகம் குறைந்த நாட்களில் பேராசிரியர் ஒரு கதை சொல்வார். 1958 மார்ச் 17இல் ஏறிய வான்கார்டு 1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள், ஒன்றரைக் கிலோ எடை. முதன்முதலாகச் சூரிய செல்லோடு போனது அதுதான். அதன் பேட்டரி அந்த வருடமே தீர்ந்துவிட்டது, செல்கள் 1964 வரை ரேடியோவை ஓட்டின. எங்கள் பேனல்கள் அவ்வளவு நாள் ஓட வேண்டியதில்லை, ஒரு வருடம் ஓடினால் போதும்.

ஏவும் தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் எல்லோருக்கும் போன் செய்கிறோம். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் நகரத்து ஹாம் ரேடியோ நண்பர்கள் மாடியில் ஆன்டெனா கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் சிக்னல் எந்த நேரத்தில் நம் தலைக்கு மேல் வரும் என்று தெரியாது, அகாலமாகக்கூட இருக்கலாம். அன்றைக்கும் மாடிச் சாவி வேண்டும், வாட்ச்மேன் ஐயா.

அன்புடன்,
சோலார் பேனல் குழு சார்பில்,
ஏழாவது செல்லை அனுப்பலாம் என்று சொன்னவள்