முறைத் தண்ணீர்

நீடாமங்கலம்
மாசி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போன பிறகு மூன்று தடவை பேசினாய். மூன்று தடவையும் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாய். வேலை இருக்கும், தெரியும். அம்மாதான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

நம் அஞ்சு மா நிலமும் நெல் அறுத்தாயிற்று. அறுவடை வண்டி கிடைக்க நாலு நாள் காத்திருந்தோம். மாவுக்குப் பதினெட்டு மூட்டை கண்டது, மோசமில்லை. கொள்முதலுக்கு ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஆனால் பனி விடவில்லை. மூன்று நாள் களத்தில் பரப்புவதும் காலால் கிளறுவதும் சாயந்திரம் குவித்துத் தார்ப்பாய் போடுவதுமாகப் போயிற்று. அம்மா ராத்திரி இரண்டு தடவை டார்ச்சோடு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கிறாளா? சாப்பாட்டுக்கு எட்டு மூட்டை நிறுத்தியிருக்கிறோம். உனக்கு அரைத்துப் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். ஆர்டர் போட்டுச் சாப்பிடாதே. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி பதினொன்றுக்கு மேல் கம்ப்யூட்டரைத் திறக்காதே. உன் குரல் கரகரப்பாக இருந்தது. மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் குடி.

குரல் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்ல எனக்கு வராது. நீயும் "ம்" என்பாய், நானும் "சரி" என்பேன், வைத்துவிடுவோம்.

நீ மேனேஜர் ஆன சேதியை நான் யாரிடமும் சொல்லாமல் விடவில்லை. டீக்கடையில், ரேஷன் கடையில், ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போது பக்கத்தில் சைக்கிளோடு நிற்பவரிடம்கூடச் சொன்னேன். நெல் வேகன் ஏற்றுகிற பையன்கள் வரை தெரியும். உன் பதவியின் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை, "இருபத்திரண்டு பேரை மேய்க்கிறா" என்று சொல்லிவந்தேன். மேய்க்கிறாள் என்ற வார்த்தை தப்பு. ஆடா மாடா? பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததற்குக்கூட அந்த இருபத்திரண்டு பேரைத்தான் காரணம் சொன்னேன். சித்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

காணும் பொங்கல் அன்று சாயந்திரம் நீ திண்ணையில் நின்று பேசிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே ரேழியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை அம்மாடி, காதில் விழுந்தது. யாரோ ஒரு பையன். அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான் போலிருக்கிறது. நீ சொன்னாய்: "காரணமெல்லாம் எனக்கு வேணாம். காலையில முடிச்சு வச்சிரு. உனக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருக்க எனக்கு அவசியம் இல்ல." அப்புறம் உள்ளே வந்து, "அப்பா, கரும்பு இருக்கா?" என்று கேட்டாய். நான் வெட்டிக் கொடுத்தேன். கோணி ஊசி விரலில் ஏறியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் வாய்க்கால் மதகில் லஸ்கராக இருந்தேன். என் வேலை என்ன என்று உன் காலேஜ் பாரத்தில் எழுத வந்தபோது, "ஷட்டர் திறந்து மூடுறதுன்னு எழுதலாமாப்பா?" என்று கேட்டாய். அவ்வளவுதான் வேலை. ஆனால் அது எங்கிருந்து வருகிற தண்ணீர் என்று பார். மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மூன்று நாளில் கல்லணை. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் போகிறது. வெண்ணாற்றில் விட்டது தென்பெரம்பூரில் பிரிந்து, நம் ஊர் மூணாறு தலைப்பில் மறுபடியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. அதற்கப்புறம் வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் ஒருவன் மண்வெட்டியால் வெட்டிவிடுகிற வயல் மடை. ஒவ்வொரு பிரிவிலும் யாரோ ஒருவர் கை இருக்கிறது. அந்தக் கணக்கில் என் மதகைச் சேர்க்கக்கூட மாட்டார்கள். ஆனால் எனக்குக் கீழே பயிர் வைத்திருந்தவர்களுக்கு மேட்டூரும் நான்தான், கல்லணையும் நான்தான். மேலே எத்தனை அடி நின்றாலும் என் சாவி சுற்றினால்தான் அவர்களுக்குத் தண்ணீர்.

ஷட்டரைத் தூக்கினதும் உடனே தண்ணீர் வந்துவிடாது, ஞாபகம் இருக்கிறதா? பலகைக்கு அடியில் மாட்டின கோரையும் ஆகாயத்தாமரையும் விடுகிற வரைக்கும் ஓர் உறுமல்தான் கேட்கும். பாலம் அதிரும். ஏழு வயதில் நீ செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்று "அப்பா, கூசுது" என்பாய். நானும் செருப்பில்லாமல்தான் நிற்பேன். எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளவுகோலைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்காலே சொல்லிவிடும். வேலையில் நான் அசட்டையாக இருந்ததில்லை. காலை ஆறு, மாலை ஆறு அளவு எடுக்காத நாள் கிடையாது. ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் மூன்று ராத்திரி தூங்காமல் சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையுமாகக் கரையில் நின்றிருக்கிறேன். உனக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன்: வேலையைச் சுத்தமாகச் செய், நேரத்துக்குச் செய், யாரிடமும் கெட்ட பெயர் வாங்காதே. நீயும் அப்படித்தான் மேலே வந்தாய். அதில் எனக்குப் பெருமைதான். இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று விட்டுவிட்டேன்.

2012. நீ காலேஜ் சேர்ந்த வருஷம். அந்த வருஷம் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. செப்டம்பர் 17-ல்தான் திறந்தார்கள். குறுவை போயிற்று, சம்பாவை நம்பி விதைத்தோம், வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. மார்கழியில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டோம். நம் வாய்க்காலில் மேல் பாதிக்கு மூன்று நாள், கீழ் பாதிக்கு மூன்று நாள். முறை மாறுகிற நேரம் சாயந்திரம் ஆறு மணி. மேல் பாதிக்குப் போகிற மதகின் ஷட்டரை நான் இறக்கி மூடினால்தான் கீழே தண்ணீர் இறங்கும்.

உன் ஹாஸ்டல் பணத்துக்காக ஆடியில் இருபதாயிரம் கடன் வாங்கினேன், தெரியுமல்லவா? யாரிடம் என்று உனக்குச் சொன்னதில்லை. வாய்க்காலின் மேல் பாதியில் நிலம் வைத்திருந்தவரிடம். வட்டியோடு கடைசி ரூபாய் வரை கட்டிவிட்டேன். அதில் குறை கிடையாது. ஆனால் அந்த மார்கழியில் பாதிக் கடன் நின்றது. அன்று ஆறு மணிக்கு அவருடைய ஆள் மதகடிக்கு வந்து, "ஐயாவுக்கு இன்னும் ரெண்டு மா பாயணும்" என்றான். கடனைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன். சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் இறக்கிக்கொள்ளலாம் என்று.

விடியற்காலை நாலு மணி இருக்கும். மனசு கேட்காமல் மதகடிக்குப் போனேன். அங்கே சைக்கிள் மாமா நின்றார். மழைநாளில் உன்னைக் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கொண்டுவிடுவாரே, அவர்தான். கடைமடையில் அவருக்கு மூன்று மா. பயிர் பால் பிடிக்கிற நேரம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னண்ணே, முறை முடிஞ்சும் இறக்கலையே?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. ஏதாவது ரிப்பேரா என்பது போலத்தான் கேட்டார்.

நான் சொன்னேன்: "உனக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருக்க எனக்கு அவசியம் இல்ல. போ."

என்னைவிட நாலு வயது இளையவர். அதுவரை அவரை நான் அப்படிப் பேசியதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்திலிருந்து இறங்கிக் கரையில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கினேன். பன்னிரண்டு மணி நேரம் அவருடைய தண்ணீர். இரண்டு நாளில் ஆற்றிலேயே தண்ணீர் குறைந்தது, அதற்கடுத்த முறை முழுசாக வரவே இல்லை. அவருடைய மூன்று மாவும் பதராயிற்று. மாட்டை அவிழ்த்து மேயவிட்டுவிட்டார். அந்த ராத்திரித் தண்ணீர் பாய்ந்திருந்தால் பயிர் தப்பித்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வருஷம் எல்லார் வயலும்தான் கருகியது. ஆனால் அது அவர் தண்ணீர்.

சித்திரையில் குடும்பத்தோடு திருப்பூர் போனார். நீ லீவுக்கு வந்து, "சைக்கிள் மாமா எங்கப்பா?" என்று கேட்டபோது, "பனியன் கம்பெனிக்குப் போயிட்டாரு, நல்ல சம்பளமாம்" என்றேன்.

அம்மாடி, தண்ணீர் தப்பினதைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். நம் பிள்ளைக்காகத்தானே என்று. அந்த வார்த்தையைச் சமாளிக்க முடியவில்லை. செய்தது தப்பு என்று தெரிந்திருந்ததால்தான் வாயில் அது வந்தது. நியாயம் என் பக்கம் இருந்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லியிருப்பேன். ரிப்பேர் என்றால் ரிப்பேர் என்று சொல்லியிருப்பேன். பதினாலு வருஷம் கழித்து அதே வார்த்தை, கூட்டாமல் குறைக்காமல், நம் வீட்டுத் திண்ணையில் உன் வாயிலிருந்து வந்தது. நான் உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. வீட்டில் நான் பேசி நீ கேட்டிருப்பாயோ?

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு இப்போது ஒரே கவலைதான். உனக்கு மேலே யாராவது ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா? யாருக்காவது பயப்படுகிறாயா? அவர்கள் கேட்காமலே நீயாக எதையாவது நினைத்துக்கொண்டு, கீழே இருப்பவனிடம் கடுகடுக்கிறாயா? கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று டீக்கடையில் தினமும் பேசுகிறார்கள். உனக்கு அப்படி ஏதாவது என்றால் சொல்லு. நிலம் இருக்கிறது, பென்ஷன் வருகிறது, வீட்டுக்கடன் தவணை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், கொஞ்ச நாள் சமாளிக்கலாம். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் நம் வீட்டில் காபி குடிப்பாய். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

இன்னும் மேலே வர வேண்டும் என்று நினைக்கிறாய், வா. நான் தடுக்கவில்லை. ஆனால் ஒருவன் உன்னிடம் காரணம் சொல்ல வந்தால் முழுசாகக் கேள். முடியாது என்றால் முடியாது என்று சொல், ஏன் என்றும் சொல். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்கிறவனிடம் முதலில் அதைக் கேள், வேலையை அப்புறம் கேள். ராத்திரி கோபம் வந்தால் காலையில் பேசு. சாப்பிட்டுவிட்டுப் பேசு. பசியில் உனக்குக் கோபம் வரும், சின்னதிலிருந்தே அப்படித்தான். வேளைக்குச் சாப்பிடு.

சைக்கிள் மாமா போன தையில் ஊருக்கு வந்திருந்தார். ரயில்வே கேட்டில் பார்த்தேன். "என்னண்ணே, சௌக்கியமா? பாப்பா எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு" என்றேன். கேட் திறந்துவிட்டார்கள், அவர் பஸ் கிளம்பிவிட்டது. பதினாலு வருஷமாக எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்றா சொல்வது? அவர் தம்பியிடம் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். காலண்டர் பின்னால் எழுதியிருக்கிறது.

அம்மாவுக்குக் கடன் தெரியும், அந்த ராத்திரி தெரியாது. நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். அரிசியோடு எலுமிச்சை ஊறுகாயும் வருகிறது, மூடியை நிமிர்த்தி வை, எண்ணெய் கசியும்.

அந்தப் பையனுடைய அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா