நம் தேயிலைக்கு நம் கப்பல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலைப் பக்கம் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பொதிகட்டும் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். பை ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் பெயர், தரம், எடை எல்லாம் தகடு வைத்து மையால் பதிப்போம். லொறியேறிக் கொழும்பு ஏலத்துக்குப் போகும் அந்தத் தேயிலை, ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் போவது பிறநாட்டுக் கப்பலில்தான்.

இலங்கைக் கப்பல் கூட்டுத்தாபனம் 1971இல் தொடங்கியது. அது 2016இல் பெற்ற ‘சிலோன் பிரீஸ்’, ‘சிலோன் பிரின்சஸ்’ இரண்டும் நிலக்கரி போன்ற மொத்தச் சரக்குக்கானவை. தேயிலை போகும் கொள்கலன் சேவைக்கு உதவா. 2021இல் தேயிலை ஏற்றக் கொள்கலன் கிடைக்காமல் அலைந்தோம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போனபோதும் கப்பல் கம்பனிகள் கேட்டதே கட்டணம். இங்கே சம்பள உயர்வு கேட்டால், செலவு கூடிவிட்டது என்றே பதில் வருகிறது. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஏன் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்?

எல்லாத் தடத்திலும் பெரிய கம்பனிகளோடு நாம் போட்டியிட முடியாது, உண்மை. வளைகுடாத் தடத்துக்காவது சிறிய கொள்கலன் கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்து அரசு தொடங்கட்டும். அவற்றில் மாலுமிப் பயிற்சிக்குத் தோட்டத்துப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஸ்டோர் தொழிலாளி,
தலவாக்கலை